ஜெனியின் வீடும் அவள்மேல் பிரியம் உள்ளவர்களும்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளே, பயிற்சியில் உங்களுக்குச் சட்டமெல்லாம் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். பிள்ளையை அடிக்கிறவன் யார், வேலைக்கு அனுப்புகிறவன் யார், எந்தப் பிரிவில் என்ன தண்டனை என்று திரையில் படம் போட்டுக் காட்டியிருப்பார்கள். ஒன்றை மட்டும் விட்டிருப்பார்கள். அப்பா அம்மா இல்லாத பிள்ளைக்குச் சர்க்காரிடமிருந்து ஏதாவது வரவேண்டியிருந்தால், அதை எடுத்துக்கொள்ள வருகிறவன் மீசையை முறுக்கிக்கொண்டு வரமாட்டான். மட்டிப்பழக் குலையோடு வருவான். பிள்ளையின் தலையைத் தடவுவான், கண் கலங்குவான். அந்தக் கண்ணீர் பெரும்பாலும் நிஜமாகவும் இருக்கும். நம் வேலையில் பெரிய தொந்தரவு அதுதான்.

நான் இந்த மாவட்டத்தில் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவள். ஓய்வு என்பது மரியாதைக்குச் சொல்வது. நம்முடையது ஒப்பந்த வேலை. வயது முடிந்ததும் ஒரு சால்வை, ஒரு சுவர்க் கடிகாரம், ஒரு குரூப் போட்டோ. பென்ஷன் கிடையாது. ஊர்ப் பிள்ளைகளுக்கு வரவேண்டிய பலனையெல்லாம் காப்பாற்றிவிட்டு, தனக்கென்று ஒரு பலனும் இல்லாமல் வீடு வந்து சேர்ந்தவள் என்று என் வீட்டுக்காரர் விருந்தாளிகளிடம் என்னை அறிமுகப்படுத்துவார். சிரிக்கட்டும். அந்த மனுஷனுக்குப் பென்ஷன் வருகிறது.

ஜெனி விஷயத்தைச் சொல்கிறேன். முழுப்பெயர் சகாய ஜெனி. முட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊர். ஊர்ப் பெயர் இங்கே வேண்டாம். அம்மா முன்பே நோயில் போய்விட்டாள். அப்பா கடலுக்குப் போன இடத்தில் வள்ளம் கவிழ்ந்து இறந்தார். அப்போது ஜெனி ஆறாம் வகுப்பு. அவளுக்கு இருந்த ஒரே உறவு தாய்மாமன் எட்வின். அவனுக்கு நான்கு பிள்ளைகள், ஒற்றை அறை வீடு. “எனக்கு ஒக்காது மேடம், இருக்கதுகளுக்கே கால நீட்ட எடமில்ல” என்று நேராகச் சொல்லிவிட்டான். அப்படிச் சொல்கிறவர்கள்மேல் எனக்கு எப்போதும் மதிப்பு உண்டு.

ஆகவே குழந்தைகள் நலக் குழு ஜெனியை வளர்ப்புப் பராமரிப்பில் வைத்தது. நம் விஷயங்களில் அந்தக் குழுவின் ஆணை கோர்ட் ஆணைக்குச் சமம். வளர்ப்புப் பராமரிப்பு என்றால் தத்து என்று நினைத்துவிடாதீர்கள். வேறொரு குடும்பம் பிள்ளையைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும், சர்க்கார் மாதாமாதம் உதவித்தொகை கொடுக்கும், பிள்ளை தன்னைப் பெற்றவர்களின் பிள்ளையாகவே இருக்கும். இந்தக் கடைசி வரிதான் நமக்குப் பிழைப்பு.

குடும்பம் பத்மநாபபுரத்துப் பக்கம் கிடைத்தது. தங்கபுஷ்பம், அவள் புருஷன் செல்லத்துரை. வாழை விவசாயம், பிள்ளை இல்லை. அய்யாவழிக்காரர்கள். ஜெனியோ கத்தோலிக்கப் பிள்ளை. ஞாயிற்றுக்கிழமைதோறும் தங்கபுஷ்பம் நெற்றியில் நாமத்தோடு ஜெனியைப் பூசைக்குக் கூட்டிப்போய், முடியும்வரை சர்ச் வாசலில் குடை பிடித்துக்கொண்டு நிற்பாள். உள்ளே போய் உட்காரச் சொன்னால், “எனக்க சாமி கோவிக்காது. உள்ள இருக்கவங்க நெளிவாங்க” என்பாள். ஜெனியும் லேசுப்பட்டவள் இல்லை. வந்த அன்றைக்கே மீன்குழம்பை முகர்ந்து பார்த்துவிட்டு, “சித்தி, இந்த மீனு செத்து ஒருபாடு நாளாச்சு” என்றாளாம். தங்கபுஷ்பம் அதை என்னிடம் பெருமையாகச் சொல்லிச் சிரித்தாள். அப்போதே தெரிந்துவிட்டது, இந்த வீட்டில் பிள்ளை நன்றாக இருப்பாள் என்று.

இனி அவளுக்கு வரவேண்டியது. அப்பாவின் சாவுக்கான நிவாரணத்தை வங்கியில் அவள் பெயரில் போட்டாயிற்று. அவளுக்குப் பதினெட்டு வயது ஆகும்வரை யாரும் தொட முடியாது. பூட்டு போட முடியாத ஒன்று இருந்தது. வீடு. மீனவர்களுக்காகச் சர்க்கார் கட்டிய வீடுகளில் ஒன்று ஜெனியின் அப்பாவுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. சாவி கொடுத்துவிட்டார்கள், பட்டா கொடுக்கவில்லை. பட்டாவைக் கையில் கொடுக்க மேலேயிருந்து ஒருவர் வரவேண்டும், அவருக்குத் தேதி கிடைக்கவில்லை.

முதலில் எட்வின் வந்தான், மட்டிப்பழத்தோடு.

“மேடம், வீட்ட சும்மா பூட்டிப் போட்டா உப்புக்காத்துல கம்பியெல்லாம் துருப்பிடிச்சுப் போவும். நான் பிள்ளையளோட அங்க இருந்து பாத்துக்கிடுதேன். பேர மட்டும் எனக்க பேருக்கு மாத்தித் தாங்க. எனக்க அக்காளுக்க மகளாக்கும் அவ, நான் ஏமாத்துவனா?”

அவன் சொன்னதில் பாதி உண்மை. கடற்கரையில் ஆள் இல்லாத வீடு நிற்காது. மற்றப் பாதிக்காக நான் முடியாது என்றேன். அடுத்து ஊர்க் கமிட்டிக்காரர்கள் வந்தார்கள். அந்த வீட்டில் பிள்ளைகளுக்கு டியூஷன் நடத்தப் போகிறார்களாம். “வாசல்ல போர்டு வச்சி, அவளுக்க அப்பன் பேரப் பெருசா எழுதுதோம் மேடம்” என்றார் ஒருவர். வீட்டை அவர்கள் எடுத்துக்கொண்டு போர்டை ஜெனிக்குத் தருகிறார்கள். கும்பிட்டு அனுப்பிவைத்தேன்.

மூன்றாவதாக வந்தவர்தான் ஆபத்தான ஆள். பழம் கொண்டுவரவில்லை. சாயாகூடத் தன் காசில்தான் குடித்தார். நம் கணக்கைத் தணிக்கை செய்ய வந்த அதிகாரி. அப்பழுக்கில்லாத மனிதர். ஜெனியின் கோப்பைப் புரட்டிவிட்டுக் கேட்டார்: “இந்தப் பிள்ளைக்குச் சொந்தமா வீடு இருக்கே. வாடகைக்கு விட்டு, அந்த வாடகைய உதவித்தொகையில கழிச்சிக்கிட வேண்டியதுதானே? வீடு உள்ள பிள்ளைக்குச் சர்க்கார் ஏன் செலவு பண்ணணும்?”

எட்வினுக்கும் கமிட்டிக்கும் பதில் சொன்ன என் வாய், இந்த நேர்மைக்கு முன்னால் திறக்கவில்லை. அப்போது எங்களுக்கு மேலதிகாரி ஒருவர் இருந்தார். பகல் முழுக்க அவர் வாய் திறப்பது கொட்டாவிக்கு மட்டும்தான் என்று ஆபீஸில் கேலி பேசுவோம். அவர் அன்று நாற்காலியை நகர்த்திப் போட்டு உட்கார்ந்தார்.

“சத்துணவுக்கு வரிசையில நிக்க பிள்ளைட்ட, உங்கப்பனுக்குத் தென்னந்தோப்பு உண்டான்னு கேக்கதில்லையே சாரே. செத்த அப்பனுக்க வீட்ட வாடகைக்கு விட்டு, அந்தக் காசுலயே பிள்ளைக்குச் சோறு போட்டுட்டு, சர்க்கார் காப்பாத்துச்சின்னு எழுதுவியளோ?”

தணிக்கைக்காரர் பேனாவை மூடிவிட்டார். நான் அன்று ஒன்று தெரிந்துகொண்டேன். அநாதைப் பிள்ளைக்கு எத்தனை மாமன்கள் இருந்தாலும், அவர்களில் பெரிய மாமன் சர்க்கார்தான். மற்ற மாமன்கள் கேட்டு வாங்கப் பார்ப்பார்கள். இந்த மாமன் விதிப்படி எடுத்துக்கொள்வார். எடுத்தது அவருக்கே தெரியாது.

இத்தனை பேரைச் சமாளித்தேன் என்று நான் கொஞ்சம் தெளிந்து உட்கார்ந்த நேரத்தில், வீட்டைப் பறித்தது யார் தெரியுமா? ஜெனிமேல் உயிரையே வைத்திருந்த தங்கபுஷ்பம்.

பொங்கலுக்கு முன்னால் ரேஷன் கடையில் கூட்டம். வரிசையில் யாரோ ஒருத்தி, “அட்டையில பேரில்லாத பிள்ளைய, மகளு மகளுன்னு சொல்லிக்கிட்டு நடக்கா” என்று சொல்லிவிட்டாள். தங்கபுஷ்பத்துக்கு அது தைத்துவிட்டது. நேரே இ-சேவை மையத்துக்குப் போனாள். ஜெனியின் ஆதாரைக் கொடுத்தாள். அங்கே இருந்தவர் பழைய அட்டையிலிருந்து பெயரை எடுத்து இந்த அட்டையில் சேர்த்துக் கொடுத்தார். புது அட்டை வந்ததும் அதைப் படம் பிடித்து எனக்கு அனுப்பி, கூடவே குரலும் பதிந்து அனுப்பினாள்: “பாத்தியளா மேடம்? மூணாமத்த பேரு எனக்க மகளாக்கும்!”

நான் உடனே ஜெனியின் கோப்பை எடுத்துப் பிரித்தேன்.

ஏன் என்று சொல்கிறேன். ஜெனியின் அப்பா இறந்த பிறகும் அவர்களுடைய பழைய அட்டையில் அவர்தான் குடும்பத் தலைவர். யாரும் அவர் பெயரை நீக்கவில்லை. செத்த மனுஷன் தலைவராக இருந்தவரைக்கும் வீடு பத்திரமாக இருந்தது. உயிரோடிருந்த ஒரே உறுப்பினரை இங்கே சேர்த்ததும் அந்த அட்டை ரத்தாகிவிட்டது. அட்டை ரத்தானால் குடும்பம் இல்லை. குடும்பம் இல்லையென்றால் ஒதுக்கீடு இல்லை. வீடு ஒதுக்கும் அலுவலகத்துக்கு ஓடினேன்.

“அப்படியொரு மீனவக் குடும்பமே இல்லியே மேடம்” என்றார் அங்கிருந்தவர், கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே.

“பிள்ளை இருக்கே சார்?”

“பிள்ளை இப்போ விவசாயக் குடும்பத்துல வருது.”

கடலில் பிறந்து, கடலில் அப்பாவைக் கொடுத்த பிள்ளை, ஒரே மத்தியானத்தில் வாழை விவசாயி ஆகிவிட்டாள். நான் குழுவிடம் போய், வீடு ஜெனிக்கே என்று ஆணை வாங்கி வந்தேன். வீடு ஒதுக்கும் அலுவலகத்துக்காரர் எழுந்து நின்று வாங்கிப் படித்தார். “ஆணைய மதிக்கிறோம் மேடம். சிஸ்டம் எடுக்காது. ஒரு மீனவக் குடும்ப அட்டையில பிள்ளைக்க பேரு இருக்கணும்.” வழக்குப் போட்டால் ஜெயித்திருப்போம். ஜெயிக்கும்போது அந்த வீட்டில் வேறொரு குடும்பம் பேரப்பிள்ளை எடுத்திருக்கும். இந்த நேரம் பார்த்து மேலேயிருந்து வருகிறவருக்குத் தேதியும் கிடைத்துவிட்டது. அடுத்த வாரம் பட்டா.

ஜெனிக்கு உறவான ஒரே மீனவக் குடும்பம் எட்வினுடையது. அவன் அட்டையில் ஜெனியைச் சேர்த்தால் வீடு பிழைக்கும். ஆனால் ஒரு குடும்பத்துக்கு ஒரு வீடுதான். எட்வினும் வீட்டுக்கு எழுதிப் போட்டு, காத்திருப்போர் வரிசையில் மேலே வந்திருந்தான். ஜெனியைச் சேர்த்தால் அவன் பெயர் அந்த வரிசையிலிருந்து போய்விடும். ஒரு பிள்ளையின் வீட்டைக் காப்பாற்ற, நாலு பிள்ளைகளின் வீட்டைக் கேட்கப் போகிறேன்.

எங்கள் ஆபீஸில் பக்கத்து மேசையில் இருந்த தம்பி நல்லவன், கெட்டிக்காரன். “அதையெல்லாம் ஏன் மேடம் சொல்லுதிய? பிள்ளைக்க பேரு சேக்கணும்னு மட்டும் சொல்லுங்க. பொறவு தெரியும்போது தெரியட்டும்” என்றான். உங்களிடமும் ஒருநாள் ஒருவர் இப்படிச் சொல்வார். அந்த நிமிடத்தில் அது புத்திசாலித்தனமாகவே தெரியும். பஸ்ஸில் போகும் வழியெல்லாம் நானும் அதையே நினைத்துக்கொண்டு போனேன்.

எட்வினின் மனைவி மேரி மீன் விற்கிறவள். கரையில் ஏலம் எடுத்த சாளை மீனைச் சருவத்தில் அள்ளிக்கொண்டிருந்தாள். எட்வின் பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்தான். நான் எல்லாவற்றையும் சொன்னேன். வரிசையில் பெயர் போய்விடும் என்பதை முதலில் சொன்னேன்.

“தெரிஞ்சுதான் கேக்குதியளா?” என்றாள் மேரி.

“தெரிஞ்சுதான் கேக்கேன்.”

“நீங்க நல்ல ஆளாக்கும். கழுத்த அறுக்கப் போறேன், கொஞ்சம் நிமிந்து நில்லுன்னு சொல்லிட்டு அறுக்குதிய.”

எட்வினுக்குக் கோபம் வந்துவிட்டது. “வீட்ட எனக்க பேருக்கு மாத்தித் தாங்கன்னு கேட்டேன், மாட்டேன்னிய. இப்ப எனக்கு வரப்போற வீட்டையும் விட்டுத் தரச் சொல்லுதிய. எனக்கு நாலு பிள்ள மேடம்! நாலு!” அவன் குரல் உடைந்தது. அவன் கேட்டது நியாயம். அந்த இடத்தில் நானாக இருந்தால் என்னை அடித்திருப்பேன்.

மேரிதான் சருவத்தைக் கீழே வைத்துவிட்டு அவன் பக்கம் திரும்பினாள்.

“நீரு இப்ப யாருக்க வீட்டுல உறங்குதீரு?”

அவன் குனிந்து மறுபடி வலையைப் பிரிக்கத் தொடங்கினான்.

“எங்கம்ம எனக்குத் தந்த வீட்டுல. எங்கம்மைக்கு அவ அம்ம குடுத்தா. இந்தக் கரையில வள்ளமும் வலையும் ஆம்பிளைக்கு, வீடு பொண்ணுக்கு. நீரு போய் ஒரு பொண்ணுக்க வீட்டுல பேரு மாத்திக் கேறினாலும், அது கைவிட்டுப் போவதப் பாத்துக்கிட்டு நின்னாலும், நாளைக்கு நம்ம ரெண்டு பொட்டப்பிள்ளையளையும் எவன் வந்து கெட்டுவான்? மாமன் வீடு புடுங்கின குடும்பம்னு பேசமாட்டானா?” பிறகு என்னைப் பார்த்தாள். “சேத்துக்கிடுங்க மேடம். சவத்த விடுங்க, வரிசையில இத்தன நாள் நின்னதுக்குக் காலு வலிதான் மிச்சம்.”

சட்டப் புத்தகத்தில் இந்த ஊர் வழக்கம் இல்லை. சட்டத்தால் முடியாததை அது செய்தது. ஆனால் மேரி அதைச் சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள், மீன் அள்ளிய கையாலேயே. அவள் இழந்தது சின்ன விஷயம் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. நீங்களும் நினைக்காதீர்கள்.

மேரியிடம் முதலில் போனதற்குக் காரணம் உண்டு. அவள் மாட்டேன் என்றிருந்தால் தங்கபுஷ்பத்திடம் போகவே வேண்டியிருந்திருக்காது. ஒருத்தியை அழவைக்காமலாவது முடிந்திருக்கும். இப்போது போகத்தான் வேண்டும். போனேன்.

“வெட்டணுமா?” என்றாள் தங்கபுஷ்பம். “எனக்க பிள்ளைய அட்டையிலேருந்து வெட்டணுமா? செத்துப்போன அப்பன் பேர வெட்டாம வச்சிருந்த சர்க்கார், உசுரோட இருக்க பிள்ளைய வெட்டச் சொல்லுதா?”

“குழுவோட ஆணை அப்படியே இருக்கு. பிள்ளை உங்க கூடத்தான் இருப்பா. அட்டையில மட்டும்தான்.”

“அட்டையில மட்டுமா? அட்டையில இல்லாத பிள்ளைய பிள்ளைன்னு நம்புவாங்களா ஊருல?”

செல்லத்துரை வாசலில் நின்று வாழைநாரைக் கிழித்துக்கொண்டே இருந்தார். எனக்கு இங்கே ஒன்று தோன்றியது. இதை முடிவு செய்யப் பெரியவர்கள் நாங்கள் மாறிமாறி ஓடிக்கொண்டிருக்கிறோம், வீட்டுக்குச் சொந்தக்காரி உள்ளே உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள். அவளை யாரும் கேட்கவில்லை. கூப்பிட்டு உட்காரவைத்து, எதையும் மறைக்காமல் சொன்னேன். மாமனுக்கு வரவேண்டிய வீடு போவதையும் சொன்னேன்.

ஜெனி பென்சிலை நோட்டுக்குள் வைத்து மூடினாள். “எனக்க வீடு எனக்கு வேணும்” என்றாள்.

தங்கபுஷ்பத்தின் முகம் விழுந்துவிட்டது. “அப்ப இது ஒனக்க வீடு இல்லியாட்டி?”

“இது சித்திக்க வீடு” என்றாள் ஜெனி, இதில் என்ன சந்தேகம் என்பதுபோல. “மாமிக்கு ஒரு வீடு இருக்கு. சித்திக்கு ஒரு வீடு இருக்கு. எனக்கு அதாக்கும்.”

அந்தக் கரையில் வளர்ந்த பிள்ளைக்கு வீடு என்பது பிரியத்தின் கணக்கு இல்லை. ஒவ்வொரு பெண்ணுக்கும் கை கால் இருக்கிற மாதிரி ஒரு வீடு இருக்கும், அவ்வளவுதான். தங்கபுஷ்பத்துக்கு இது புரிய நேரமானது. மூக்கைச் சிந்தினாள், உள்ளே போனாள், அட்டையைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள். “வெட்டுங்க. ஆனா ராத்திரி சோத்துக்கு அவ இங்கதான் வருவா” என்றாள். ஜெனி, “பொறவு எங்க போவேன்?” என்று கேட்டுவிட்டு மறுபடி கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டாள்.

அந்த வீட்டில் யார் இருப்பது என்று குழு கேட்டபோதும் ஜெனியிடமே கேட்கச் செய்தேன். “மாமி பிள்ளையளோட போய் இருக்கட்டும். நான் லீவுக்கு வந்தா சன்னலோரம் எனக்கு” என்றாள். ஆகவே சாவி எட்வினிடம் போனது. ஒரு வருடம் யாரிடமிருந்து அந்த வீட்டைக் காப்பாற்றினேனோ, அவன் கையிலேயே என் கையால் சாவியைக் கொடுத்தேன். எட்வினும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. பார்த்தால் இரண்டு பேரும் சிரித்திருப்போம். பெயர் மட்டும் ஜெனியுடையது. நம் வேலை முழுக்க அந்த ஒன்றுக்காகத்தான்.

பட்டா கொடுத்த அன்று பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல். மைக்கில் பெயர் பெயராகக் கூப்பிட்டார்கள். மேடைப் படிக்குக் கீழே ஒரு அலுவலர் நின்று ஒவ்வொருவரையும் சரிபார்த்து மேலே அனுப்பிக்கொண்டிருந்தார். “சகாய ஜெனி” என்றதும் ஜெனி எழுந்தாள். “மைனர்கூட பெரியவங்க ஒருத்தர் வாங்க” என்றார்கள்.

முறைப்படி போகவேண்டியது மேரி. ஜெனி இப்போது அவள் அட்டையில் இருக்கிறாள். மேரி நாற்காலியை விட்டு எழவில்லை. அவளோடு வரிசையில் நின்றவர்களெல்லாம் ஒவ்வொருவராகப் பட்டா வாங்கிக்கொண்டு இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தவள், பக்கத்தில் இருந்த தங்கபுஷ்பத்தை முழங்கையால் இடித்தாள். “நீ போ பிள்ள. எனக்க காலு வலிக்கி.”

தங்கபுஷ்பம் போனாள். அலுவலர் அவள் நெற்றியிலிருந்த நாமத்தைப் பார்த்தார், கையிலிருந்த தாளைப் பார்த்தார். தப்பாக எதுவும் கேட்கவில்லை, அவருடைய வேலை அது.

“நீங்க பிள்ளைக்கு யாரும்மா?”

குழுவின் ஆணை அவள் தோள்பையில் இருந்தது. நான்தான் லாமினேட் செய்து கொடுத்திருந்தேன். எடு, எடுத்துக் காட்டு என்று நான் இங்கிருந்து கையை ஆட்டினேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

“ஆருமில்ல சாரே. சோறு போடுதேன்.”

அலுவலர் அதைத் தாளில் எங்கே எழுதுவது என்று தேடிக்கொண்டிருந்தார். ஜெனி அதற்குள் தங்கபுஷ்பத்தின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேடை ஏறிவிட்டாள்.